குட்டையில் இல்லாத முதலை

ஒரு காட்டில் வேலம்மை என்ற முள்ளம்பன்றிக்குப் பெரிய அநியாயம் ஒன்று நடந்தது. தான் எழுதிக்கொண்டிருந்த கதையிலிருந்து ஒரு முதலையை எடுத்துவிட்டாள் என்பதற்காக, கொளுத்தும் கோடையில் அவளுக்குத் தண்ணீர் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பொய்க்காரி என்று பட்டம் வேறு. ஒரு முதலைக்காக! அதுவும் எந்த ஊரிலும் எந்த ஆற்றிலும் இல்லாத ஒரு முதலைக்காக!

பிள்ளைகளே, நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். யார் பக்கம் நியாயம் என்று நீங்களே பாருங்கள்.

அந்தக் காட்டில் கோடை வந்தால் ஓடைகள் எல்லாம் வற்றிவிடும். நடுக்காட்டுக் குட்டை ஒன்றில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். பொழுது சாயும் நேரத்தில் எல்லா விலங்குகளும் அங்கே வந்து சேரும். குடிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றும் தான் பார்த்து வந்ததைச் சொல்ல வேண்டும். "கிழக்கே புகை." "மூங்கில் பக்கம் சிறுத்தை." அதைக் கேட்டுத்தான் மற்றவை எந்த வழியாகத் திரும்புவது என்று முடிவு செய்யும்.

முன்னொரு கோடையில் ஒரு நரி, "சிறுத்தை வடக்கே" என்று சொன்னது. பிறகு, "இல்லை இல்லை, தெற்கே" என்று விளையாட்டுக்கு மாற்றிச் சொன்னது. அதை நம்பி வடக்கே போன ஒரு மான்குட்டி இன்றைக்கும் மூன்று காலில்தான் நடக்கிறது. அன்றிலிருந்து அங்கே ஒரு சட்டம்: குட்டையில் ஒருமுறை சொன்ன சொல்லை மாற்றக் கூடாது. மாற்றினால், மழை வரும்வரை தண்ணீர்ப் பக்கம் வரக் கூடாது. நல்ல சட்டம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

வேலம்மைக்கு ஒரு பழக்கம் உண்டு. உதிர்ந்த முள் ஒன்றை எடுத்து, பாக்குமட்டையின் வழவழப்பான உள்பக்கத்தில் கீறிக் கீறி எழுதிக்கொண்டே இருப்பாள். அந்தக் கோடையில் அவள் ஒரு நீளமான கதையைத் தொடங்கியிருந்தாள். கடலைப் பார்க்கக் கிளம்பிய ஓர் ஆமையின் கதை. ஆறு மட்டைகள் நிரம்பியிருந்தன. இன்னும் எத்தனை மட்டைகள் ஆகும் என்று அவளுக்கே தெரியாது.

ஒரு நாள் குட்டைக்கு வந்தவள், புகையும் பார்க்கவில்லை, சிறுத்தையும் பார்க்கவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

"எதையாவது சொல்லு வேலம்மா, சும்மா குடிக்கக் கூடாது" என்றான் காட்டுப்பன்றி கிழங்கன். அவனுக்குச் சாப்பாடு, சேறு, சிரிப்பு, இந்த மூன்றும் போதும்.

"ஒரு கதை எழுதிட்டு இருக்கேன். அதைச் சொல்லட்டா?"

பக்கத்தில் நின்ற முயல் பஞ்சி அவள் காதருகே வந்து கிசுகிசுத்தாள். பஞ்சி எதற்கும் பயப்படுவாள். தன் வாலைப் பார்த்தே இரண்டு முறை ஓடியிருக்கிறாள்.

"வேண்டாம்டி. முடிச்சிட்டுச் சொல்லு. பாதியில சொன்னா ஆளாளுக்கு ஏதாவது சொல்லுவாங்க."

"சொல்லட்டுமே! ஒத்தையா உட்கார்ந்து எழுதி எழுதி, இது நல்லா இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியல பஞ்சி."

அப்படித்தான் ஆரம்பித்தது.

"இந்தக் குட்டையில்தான் அந்த ஆமை இருந்தது" என்று, எல்லாரும் சேதி சொல்லும் கரைக்கல்லின் மேல் ஏறி நின்று வேலம்மை தொடங்கினாள். "குட்டையின் அடியில் ஒரு கிழட்டு முதலையும் இருந்தது. அதற்குத் தீராத பல்வலி. ஆமையைப் பார்க்கும்போதெல்லாம் வாயைத் திறந்து, 'கடைவாயில ஏதாவது தெரியுதா பாரு' என்று கேட்கும்."

கிழங்கன் சேற்றில் புரண்டு புரண்டு சிரித்தான். மறுநாள் பார்ப்பவர்களிடமெல்லாம் வாயைப் பிளந்து, "கடைவாயில ஏதாவது தெரியுதா பாரு" என்று கேட்டுக்கொண்டு திரிந்தான். மான்கள் சீக்கிரமே வந்து இடம் பிடித்தன. காட்டின் தலைவியான பெரிய யானை, எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடுவார்களே அவர், காதை ஆட்டுவதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்.

எல்லாரையும்விட அதிகமாகக் கேட்டவன் மறவான் என்ற காகம். ஒருமுறை காதில் விழுந்ததை அவன் மறக்கவே மாட்டான். தாமதமாக வந்தவர்களுக்கு விட்டுப்போன கதையை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பான்.

"'முதலை பெருமூச்சு விட்டது'ன்னு சொல்லாதீங்க. 'முதலை பெருமூச்சு ஒன்றை விட்டது.' அப்படித்தான் வேலம்மை சொன்னா" என்று கேட்பவர்களைத் திருத்தவும் செய்வான்.

இப்படி ஐந்து நாள் போனது. ஆமை மலையடிவாரம் வரைக்கும் போய்விட்டது.

ஐந்தாம் நாள் திரும்பும் வழியில் பஞ்சி கேட்டாள்: "வேலு, ஒண்ணு கேட்கட்டா? கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளு."

"பேச்சுத்துணைக்கு அவ்வளவு நல்ல முதலை ஒண்ணு இருந்துச்சே. அப்புறம் ஆமை ஏன் கிளம்புச்சு?"

வேலம்மை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். முதுகு முட்கள் எல்லாம் விறைத்துக்கொண்டன.

பஞ்சி நடுங்கிப்போய், "தெரியாமக் கேட்டுட்டேன், விட்டுடு" என்றாள்.

"இல்லடி. சரியாக் கேட்டிருக்கே. ஆமைக்கு யாருமே இல்ல. யாருமே இல்லாததாலதான் அது கிளம்புச்சு. அந்த முதலை அங்கே இருக்கவே கூடாது!"

அன்றைக்கே வேலம்மை முதல் மட்டையை எடுத்து, முதலை இருந்த இடத்தையெல்லாம் சுரண்டி எடுத்தாள். அதன் பல்வலியைச் சுரண்டும்போது அவளுக்கே மனசு கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் முதலை போனதும் ஆமை எவ்வளவு தனியாக இருந்தது! அந்தப் பெரிய குட்டையில் அது தன் நிழலோடு பேசிக்கொண்டிருந்தது. கதை அப்போதுதான் சரியாக மூச்சு விட ஆரம்பித்தது.

ஆறாம் நாள் குட்டைக்கு வந்த வேலம்மை உற்சாகமாகச் சொன்னாள்: "இன்னைக்குக் கதையை முதல்லேருந்து மறுபடி சொல்லப்போறேன். ஒரு சின்ன மாத்தம். குட்டையில முதலை இல்ல."

"என்னது, முதலை இல்லையா?" கிழங்கன் தண்ணீரிலிருந்து பாதி எழுந்தான். "பல்வலி? அது எங்கே போச்சு?"

"அதுவும் இல்ல மாமா."

"முதலை இல்லாத கதையை யாரு கேட்பா?"

மரக்கிளையில் மறவான் இறக்கையை உதறிக்கொண்டான். அவன் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

"'குட்டையின் அடியில் ஒரு கிழட்டு முதலையும் இருந்தது.' இது நீ சொன்னது. இதே இடத்துல, அந்தக் கல்லு மேல நின்னுகிட்டுச் சொன்னே. சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் அண்ணே. ஆனா இப்போ…"

"அன்னைக்கு இருந்துச்சு, இன்னைக்கு இல்லையா? குட்டையில சொன்ன சொல்லை மாத்தறே. அந்த நரி செஞ்சதும் இதுதானே?"

நரி என்ற சொல் காதில் விழுந்ததும் மான்கள் தலையைத் தூக்கின. மூன்றுகால் மானின் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நரியும் நானும் ஒண்ணா? அண்ணே, இது எழுதிட்டு இருக்கற கதை! இன்னும் முடியல! முடியாததை மாத்தாம, முடிஞ்சதையா மாத்துவாங்க?"

"முடியலைன்னா ஏன் சொன்னே?" என்றான் மறவான். "நான் அதை அப்படியே மனசுல வாங்கி வெச்சிருக்கேனே. எத்தனை பேருக்கு ஒப்பிச்சிருப்பேன்? இப்போ அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

எல்லாரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். பெரியம்மா நியாயம் தவறாதவர். ஆனால் எதையும் மெதுவாகத்தான் யோசிப்பார். அன்றைக்கு யோசித்து முடிப்பதற்குள் கூச்சல் அதிகமாகிவிட்டது.

"சட்டம் யாருக்கும் ஒண்ணுதான் வேலம்மா. ஒரே இடத்துல ரெண்டு விதமாச் சொல்லிட்டே. மழை வரட்டும். அப்புறம் வா" என்றார் பெரியம்மா. சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை.

"பொய்க்காரி!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அப்படிக் கத்துபவர்கள் முகத்தைக் காட்டுவதில்லை.

அடுத்த நாட்களில் வேலம்மை கிழங்குகளைத் தோண்டி, அவற்றிலிருந்த ஈரத்தைச் சப்பிக்கொண்டு கிடந்தாள். நாக்கு மட்டைபோலக் காய்ந்துவிட்டது. மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. கிழங்கு அவ்வளவு நாளைக்கு வராது.

பஞ்சி தினமும் குட்டையில் பாசியை நனைத்து, வாயில் கவ்விக்கொண்டு ஓடி வருவாள். வந்து சேர்வதற்குள் பாதித் தண்ணீர் வழியில் சிந்திவிடும்.

"யாராவது பார்த்தா உனக்கும் தண்ணி இல்லைன்னுடுவாங்க. போடி" என்றாள் வேலம்மை.

"பயமாத்தான் இருக்கு. நீ சீக்கிரம் குடி" என்று நடுங்கிக்கொண்டே நின்றாள் பஞ்சி.

நான்காம் நாள் பஞ்சி அழுதுவிட்டாள். "எல்லாம் என் வாயால வந்தது. நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது. வேலு, போய் மன்னிப்புக் கேளு. முதலை இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். உன் உசுரைவிடவா அது பெருசு?"

"இல்லாத முதலையை இருக்குன்னு சொல்றதா? பொய்க்காரின்னு என்னைத் துரத்தினவங்க முன்னால போய், நான் நிஜமாவே பொய் சொல்லணுமா?"

"ஆமா."

"நல்லா இருக்குடி நியாயம்! முதலை இருக்குன்னு சொன்னா நான் யோக்கியம். இல்லைன்னா…" பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பாசியைக் கீழே வைத்தாள். "பஞ்சி, நீ சொன்னதுதான் சரி. வா, போகலாம். முதலை இருக்குன்னு சொல்லிடறேன்."

பஞ்சிக்கு இன்னும் அதிகமாகப் பயம் வந்தது. வேலம்மை அவ்வளவு சுலபமாக எதையும் ஒத்துக்கொண்டு அவள் பார்த்ததே இல்லை.

பொழுது சாயும் நேரம். குட்டையில் எல்லாரும் இருந்தார்கள். பெரியம்மா அப்போதுதான் தும்பிக்கையைத் தண்ணீரில் வைத்திருந்தார். கிழங்கன் கழுத்துவரை சேற்றில் இருந்தான். மறவான் இன்னும் குடிக்கவில்லை. கரையில் தன் முறைக்குக் காத்திருந்தான்.

தண்ணீரைத் தொடாமல் தூரத்திலேயே நின்று, வேலம்மை உரக்கச் சொன்னாள்: "பெரியம்மா, நான் தப்பை ஒத்துக்கறேன். குட்டையில முதல்ல சொன்ன சொல்லுதான் நிக்கும். நான் முதல்ல என்ன சொன்னேனோ அதுதான் உண்மை."

பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. "இதைத்தான்மா நான் எதிர்பார்த்தேன். வா வா, வந்து வயிறு நிறையக் குடி."

"ஐயையோ, நான் மாட்டேன்!"

"ஏன்மா?"

"அடியில முதலை இருக்கே!"

தண்ணீரில் வாய் வைக்கப்போன மான்கள் சட்டென்று நின்றன.

"எந்த முதலை?" என்றான் கிழங்கன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"'குட்டையின் அடியில் ஒரு கிழட்டு முதலையும் இருந்தது.' நான் சொன்னது மாமா. மறவான் அண்ணனைக் கேளுங்க, ஒரு சொல் பிசகாமச் சொல்லுவாரு. அண்ணே, எந்தக் குட்டைன்னு சொன்னேன்?"

"இந்தக் குட்டைன்னுதான் சொன்னே" என்றான் மறவான், பழக்கதோஷத்தில்.

"இந்தக் குட்டையேதான். பெரியம்மா, குட்டைக்குப் பக்கத்துல ஆபத்து இருக்குன்னு ஒருத்தர் சொன்னா, நம்ம வழக்கப்படி மத்தவங்க என்ன செய்யணும்?"

பெரியம்மா மெதுவாக யோசித்தார். பிறகு தும்பிக்கையில் உறிஞ்சிய தண்ணீரை அப்படியே குட்டையில் விட்டுவிட்டு, ஓரடி பின்னால் போனார்.

"எல்லாரும் விலகணும்" என்றார்.

மான்கள் விலகின. கிழங்கன் தபதபவென்று சேற்றை இறைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். "யோவ், இவ்வளவு நேரம் நான் அது மேலயா படுத்திருந்தேன்?" என்று தன் பின்பக்கத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"முதலை போயிடுச்சுன்னு யாராவது சொல்ற வரைக்கும் ஒருத்தரும் குடிக்கக் கூடாது" என்றாள் வேலம்மை. "நான் சொல்ல முடியாது. சொன்னா, மாத்திச் சொன்னதா ஆயிடும்."

எல்லாரும் கரையைச் சுற்றி நின்றார்கள். தண்ணீர் கண்ணெதிரே பளபளத்தது. ஒரு மான்குட்டி, "அம்மா, தாகம்" என்று முனகியது. மறவானுக்கோ தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. அவன் தண்ணீரைப் பார்த்தான். வேலம்மையைப் பார்த்தான். மறுபடி தண்ணீரைப் பார்த்தான். கடைசியில் பொறுக்க முடியாமல் கத்திவிட்டான்:

"அட, என்னப்பா இது! முதலையாவது ஒண்ணாவது! அது வெறும் கதைப்பா!"

வேலம்மை பெரியம்மாவின் பக்கம் திரும்பினாள்.

பெரியம்மா மறவானைப் பார்த்தார். "மறவான், இப்போ நீ என்ன சொன்னே?"

"அது வந்து… கதைன்னு…"

"குட்டையில சொல்லியிருக்கே அப்பா. மாத்த முடியாது."

முதலில் சிரித்தது மூன்றுகால் மானின் தாய்தான். பிறகு மற்ற மான்கள். பிறகு கிழங்கன், சேற்றில் மறுபடி விழுந்து விழுந்து. மறவான் அலகைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டான்.

பெரியம்மா தும்பிக்கையில் தண்ணீர் மொண்டு வந்து, தானே வேலம்மையின் முன்னால் ஊற்றினார். "குடிம்மா. நான் கொஞ்சம் சீக்கிரமா யோசிச்சிருக்கணும். அன்னைக்கு உன்னைப் பார்த்துக் கத்தினவங்களையும் அடக்கியிருக்கணும்."

வேலம்மை குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள். பஞ்சி பக்கத்திலேயே நின்று, வழியில் பாதி சிந்தாமல் தண்ணீர் முழுசாக அவளுக்குக் கிடைப்பதை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனாலும் ஒண்ணு சொல்றேன்" என்றார் பெரியம்மா. "முழுசா முடிச்ச பிறகு வந்து சொல்லேன். எங்களுக்கும் குழப்பம் இல்ல, உனக்கும் வம்பு இல்ல."

"அதைத்தான் நான் முதல் நாள்லேருந்து சொல்றேன்" என்றாள் பஞ்சி.

வேலம்மை வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படித்தான் செய்யணும்னு இந்த நாலு நாளும் நினைச்சேன் பெரியம்மா. யாருக்கும் காட்டாம ரெண்டு மட்டை எழுதினேன். யாரும் குறுக்கே பேசல, வேகமாப் போச்சு. ஆனா அதுல எத்தனை முதலை ஒளிஞ்சிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? இவ ஒருத்தி பயந்துகிட்டே ஒரு கேள்வி கேட்டா. அதை முப்பது மட்டை எழுதி முடிச்ச பிறகு கேட்டிருந்தா, நான் தலைகீழா நின்னிருப்பேன். தப்பு என்கிட்டயும் இருக்கு. சிறுத்தைச் சேதி சொல்ற கல்லு மேல நின்னு நான் கதை சொல்லியிருக்கக் கூடாது. இனிமே அதோ தள்ளித் தெரியுதே, அந்தப் புற்றுமேட்டுல உட்கார்ந்து சொல்றேன். குட்டையில சொன்னது நிக்கட்டும். மேட்டுல சொன்னது மாறும். மாறும்னு தெரிஞ்சு, வர்றவங்க வரட்டும்."

"முதலை திரும்ப வருமா?" என்றான் கிழங்கன் ஆசையாக.

"வரலாம் மாமா. கடலோரத்துல ஒரு இடம் காலியா இருக்கு. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்."

கிழங்கனுக்கு அதுவே போதுமாக இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு பல்வலியைப் பழக ஆரம்பித்துவிட்டான். ஒவ்வொருவராகப் புற்றுமேட்டை நோக்கி நடந்தார்கள்.

மறவான் மட்டும் பறந்துபோய்த் தன் கிளையில் உட்கார்ந்துகொண்டான். வேலம்மை கிளைக்குக் கீழே வந்து நின்றாள்.

"வரலையா அண்ணே?"

"நான் எதுக்கு?" என்றான் மறவான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "எல்லாத்தையும் மாத்தப்போறே. நாளைக்கு இருக்காத ஒண்ணை நான் ஏன் இன்னைக்கு ஞாபகம் வெச்சுக்கணும்?"

"எல்லாத்தையும் வெச்சுக்குங்க அண்ணே" என்றாள் வேலம்மை. "நான் சுரண்டிப் போட்டதையும் சேர்த்து வெச்சுக்குங்க. நல்லதாப் பார்த்து எதையாவது தூக்கி எறிஞ்சிருந்தா, உங்ககிட்டதானே திரும்ப வந்து கேட்பேன்?"

நீதி: பாதிக் கதையைக் கேட்க வந்து உட்காருகிறவர்கள், மீதிக் கதை அதை மாற்றிவிடும் என்பதற்கும் சேர்த்தே சம்மதிக்க வேண்டும்.